சாருலதாவில் ஒன்றும் நடக்கவில்லையா?

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964 ஏப்ரலில் கல்கத்தாவில் வெளியானது. அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தப் படத்தின் மீது ஒரே தீர்ப்பை இரண்டு தரப்பினர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் “படம் நகரவே மாட்டேன் என்கிறது” என்கிறார்கள். பிடித்தவர்களோ, “மெதுவாகத்தான் போகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து வாழ்க்கை அப்படி” என்று சிபாரிசு செய்கிறார்கள். முதல் தரப்பு சுமத்தும் குற்றத்தை இரண்டாம் தரப்பு ஒப்புக்கொண்டு, சலுகை மட்டும் கேட்கிறது. மறுக்க வேண்டியது இரண்டு பேரையும்தான். சாருலதா மெதுவான படம் கிடையாது. இந்திய சினிமாவில் இவ்வளவு நெருக்கமாக நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்ட படங்கள் மிகக் குறைவு.

இந்தத் தவறான எண்ணம் எங்கே பிறக்கிறது? கதைச்சுருக்கத்தில். படத்தைத் திரையிடும் சங்கங்களின் துண்டறிக்கை முதல் ஓடிடி தளங்களின் இரண்டு வரிக் குறிப்பு வரை எல்லாமே ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன: 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தா, வேலையில் மூழ்கிய கணவன், தனிமையில் வாடும் மனைவி, அவளுக்குக் கணவனின் அத்தை மகன் மீது காதல். இதைப் படித்துவிட்டு உட்காருகிறவர் காதல் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகிறது, கைகூடத் தொட்டுக்கொள்ளவில்லை. மனைவி சாருவும் அந்த அத்தை மகன் அமலும் தோட்டத்தில் உட்கார்ந்து இலக்கியம் பேசுகிறார்கள், ஊஞ்சல் ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். காத்திருப்பவருக்குக் கடிகாரம் ஓடாது. ஆனால் அந்தக் காத்திருப்பைப் படம் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டது அந்த இரண்டு வரிக் குறிப்பு.

படத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘மெதுவான சினிமா’வுக்கு உதாரணமாக அடிக்கடி காட்டப்படும் சில நிமிடங்கள் அவை. அதில் வசனம் அநேகமாக இல்லை. சாரு கைக்குட்டையில் கணவனின் பெயரின் முதலெழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். கடிகாரம் நான்கு அடிக்கிறது. வெளிக்கூடத்து அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுபோகும்படி வேலைக்காரனை அழைத்துச் சொல்கிறாள். அலமாரியில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கிறாள், புரட்டுகிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. கைப்பிடி வைத்த இரட்டைக் கண்ணாடியை ஓடிப்போய் எடுத்துவந்து ஜன்னலின் மரச்சட்டங்களைத் திறந்து பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான், பல்லக்கு போகிறது, குடை பிடித்த ஒரு பருத்த மனிதர் போகிறார். அவர் ஒரு ஜன்னலின் எல்லையைத் தாண்டியதும் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள், பிறகு அதற்கடுத்த ஜன்னலுக்கு. கணவன் பூபதி உள்ளே வருகிறான், மனைவி நிற்பதையே கவனிக்காமல் கடந்து போகிறான், புத்தகத்தில் கண்ணைப் பதித்தபடி திரும்பவும் கடந்து போகிறான். சாரு அதே கண்ணாடியைக் கண்ணில் வைத்து, தெருவில் போன அந்நியர்களைப் பார்த்த அதே விதத்தில், வராந்தாவில் நடந்து மறையும் கணவனைப் பார்க்கிறாள்.

இதை எழுதிக்காட்டவே ஒரு பத்தி முழுதும் தேவைப்படுகிறது. ஒரு கல்யாணத்தின் நிலைமை, ஒரு வீட்டின் அமைப்பு, ஒரு பெண்ணின் படிப்பு, குறும்பு, துடிப்பு, அவளுக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் தூரம், அவளுக்கும் கணவனுக்கும் நடுவே இருக்கும் தூரம் எல்லாம் சில நிமிடங்களில் சொல்லப்பட்டுவிட்டன. இவற்றை வசனமாக எழுதியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் மெதுவென்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஓடும் பெண்ணைப் பார்த்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வது, அவளைப் பார்க்காமல் நடந்துபோன பூபதியின் பிழையைத் திரும்பச் செய்வதாகும்.

பூபதியைப் பற்றி நின்று பேச வேண்டும். பரபரப்பான சம்பவங்கள் அனைத்தும் அவன் பக்கத்தில்தான் இருக்கின்றன. வீட்டிலேயே அச்சகம் வைத்து ‘சென்டினல்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறான். அரசாங்கத்தின் வரிக்கொள்கையைத் தாக்கி எழுதுகிறான். 1880இல் பிரிட்டனில் நடந்த தேர்தலில் டிஸ்ரேலியைத் தோற்கடித்து கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி ஜெயித்ததும் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறான். சாருவின் அண்ணன் உமாபதாவை நம்பிப் பணப்பொறுப்பைக் கொடுக்கிறான். அவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். தேர்தல், மோசடி, பத்திரிகை மூடப்படுவது என்று ஒரு வேகமான படத்துக்குத் தேவையான சரக்கு முழுதும் கையில் இருந்தும், ராய் அதைப் படத்தின் ஓரத்தில் வைக்கிறார். நடுவில் இருப்பது வேறு. பூபதி கெட்டவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனைவியின் தனிமை அவனுக்குத் தெரிகிறது. அதற்காகத்தான் உமாபதாவையும் அவன் மனைவி மந்தாகினியையும் வீட்டுக்கு வரவழைக்கிறான். சாருவுக்கு எழுத்தில் ஈடுபாடு உண்டு, அதை மெல்லத் தூண்டிவிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே என்று அமலிடம் கேட்டுக்கொள்பவனும் அவன்தான். அவன் குறை ஒன்றே ஒன்று. செய்தி என்றால் லண்டனிலிருந்து வரவேண்டும் என்று நினைக்கிறான். வீட்டுக்குள் நடப்பது அவனுக்குச் செய்தியாகத் தெரிவதில்லை.

படம் நகரவில்லை என்று குறைப்படுபவர்கள் பூபதியின் அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இனி, ஆதரவாளர்களின் சமாதானத்துக்கு வரலாம். அந்தக் காலம் மெதுவானது, ஆகவே படமும் மெதுவானது என்ற வாதம் வரலாறு தெரியாத வாதம். கதை நடக்கும் 1879-80இன் கல்கத்தா ஆசியாவின் மிகப் பரபரப்பான நகரங்களில் ஒன்று. ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கி கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. 1870 முதல் கடலடித் தந்தி வழியாக லண்டன் செய்தி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1878இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டச் சட்டம் போட்டபோது, அதுவரை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டிருந்த ‘அம்ருத பஜார் பத்ரிகா’ உடனே முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிச் சட்டத்திலிருந்து தப்பியது. அந்த நகரத்தில் ஒரு வாரம் என்பது நீண்ட காலம். அவ்வளவு வேகமும் அந்தப்புரத்தின் வாசலோடு நின்றுபோனது என்பதுதான் சாருவின் பிரச்சினை. சாருவின் வீட்டு உட்புறங்கள் முழுவதும் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவில் போட்ட செட். அச்சகமும் ஆண்களின் அரட்டையும் ஒரு பக்கம், படுக்கையறையும் ஜன்னல்களும் மறுபக்கம், நடுவே நீளமான வராந்தா என்று அந்த வீடு அமைந்திருக்கிறது. சுப்ரதா மித்ராவின் ஒளிப்பதிவு அந்த அறைகளுக்குப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது. அது ஸ்டுடியோவில் நேரடி விளக்கை அடித்தால் கிடைக்காத, பரவலான வெளிச்சம். நீண்ட மத்தியானத்தின் கனம் அங்கிருந்து வருகிறது. கனமான மத்தியானத்தைக் காட்டும் காட்சியும் கனமாக இழுபடும் காட்சியும் ஒன்றாகிவிடாது.

நிகழ்ச்சிகள் குறைந்தால் படம் மெதுவாகும், கூடினால் வேகமாகும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க ராயே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து, 1984இல், சாருலதாவின் மூலக்கதையை எழுதிய அதே தாகூரின் நாவலொன்றிலிருந்து ‘கரே பாய்ரே’ எடுத்தார். அங்கும் கணவன், மனைவி, இடையே வரும் மூன்றாவது ஆள். சாருலதாவில் அமலாக நடித்த சௌமித்ர சாட்டர்ஜிதான் அங்கே சந்தீப். 1905 வங்கப் பிரிவினை, சுதேசிக் கிளர்ச்சி, அந்நியத் துணி எரிப்பு, மதக் கலவரம், முத்தம், சாவு எல்லாம் அதில் உண்டு. சாருலதாவைவிடப் பல மடங்கு அதிகமான சம்பவங்கள். ஆனாலும் கனமாக நகரும் படம் அதுதான். காரணம், அதில் மனிதர்கள் உட்கார்ந்து தங்கள் கருத்துகளை எடுத்துரைக்கிறார்கள், கேமரா அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்பின்போது ராய்க்கு மாரடைப்பு வந்தது, மகன் சந்தீப் ராய் உதவியோடுதான் படம் முடிந்தது என்பதையும் நினைத்துப்பார்க்க வேண்டும். அந்தப் படத்தை மெதுவென்று யாரேனும் சொன்னால் இந்தக் கட்டுரை சண்டைக்கு வராது. சாருலதாவில் வரும் ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியில் இருந்த நிலைமையை மாற்றிவிட்டுத்தான் முடிகிறது. வேகத்துக்கு நியாயமான அளவுகோல் அது ஒன்றுதான்.

தோட்டத்துக் காட்சிகள் இதற்குச் சாட்சி. சாரு ஊஞ்சலில் ஆடுகிறாள். கேமராவும் அவள் முகத்தோடு சேர்ந்து ஆடுகிறது. அமல் பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் எழுதும் நோட்டைத் தந்தவள் அவள். அதில் எழுதுவதை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டிருக்கிறாள். அவள் கண்ணாடியை எடுத்துச் சுற்றிலும் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தாய் குழந்தையோடு நிற்கிறாள். கண்ணாடி அங்கே ஒரு கணம் நிற்கிறது. பிறகு அமலின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடியை இறக்கும்போது, சாருவாக நடிக்கும் மாதவி முகர்ஜியின் முகம் மாறியிருக்கிறது. அதுவரை விளையாட்டாக இருந்தது இனி விளையாட்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அமலுக்கு இன்னும் தெரியாது. பிள்ளையில்லாத ஒரு மனைவியின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி என்ன இருக்க முடியும்? அது நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது பல பேருக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. இந்தக் காட்சியை அப்படி ஓட்டிப் பார்த்தவர், ஒரு பெண் இங்கும் அங்கும் பார்த்தாள் என்று மட்டுமே சொல்ல முடியும். அவருக்கு மிச்சமான சில வினாடிகளுக்குள்தான் படத்தின் திருப்பம் இருந்தது.

‘கள்ளக்காதல் கதை’ என்ற முத்திரையால் மறைந்துபோகும் இன்னொன்று இதைவிடப் பெரியது. சாரு எழுத்தாளராகும் கதை இது.

அமலின் எழுத்து ஒரு பத்திரிகையில் வெளியாகிறது. நிபந்தனையை மீறிவிட்டானே என்று சாருவுக்கு ஆத்திரம். தானும் எழுத உட்காருகிறாள். முதலில் அமலைப் போலவே குயில், வசந்தம் என்று அலங்காரமாக ஆரம்பிக்கிறாள், பிடிக்காமல் கிழித்துப்போடுகிறாள். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து யோசிக்கிறாள். கேமரா அவள் கண்களுக்கு மிக அருகில் போகிறது. அந்தக் கண்களின் மேல் அவள் பிறந்த கிராமம் விரிகிறது: ஆற்றில் படகுகள், திருவிழா, சுழலும் வாணவேடிக்கை, வேஷக்காரர்கள், கிழவிகளின் முகங்கள். துலால் தத்தாவின் படத்தொகுப்பில் ஒன்றன் மேல் ஒன்று படியும் அந்தப் பிம்பங்களின் வேகத்தை அன்றைய எந்தச் சண்டைக் காட்சியோடும் ஒப்பிடலாம். அடுத்து அவள் பேனாவை எடுக்கிறாள். ‘என் கிராமம்’ என்ற அந்தக் கட்டுரை ‘விஷ்வபந்து’ பத்திரிகையில் வெளியாகிறது. வீட்டிலேயே அச்சகம் வைத்திருப்பவனின் மனைவி, அவனுக்குத் தெரியாமல், வேறொருவர் அச்சகத்தில் அச்சேறுகிறாள். அந்த இதழைக் கொண்டுவந்து அமலை அடிக்கிறாள், உடனே அவன் மார்பில் சாய்ந்து அழுகிறாள், இனி எழுதவே மாட்டேன் என்கிறாள். படத்தில் இருவர் உடலும் நெருங்கும் முதல் இடம் அது. அந்த நெருக்கத்தில் காதல் இருக்கிறது. வெற்றியும், போட்டியும், வெற்றி பெற்றதே ஒரு துரோகமோ என்ற பயமும் இருக்கின்றன. அவள் எளிமையான எழுத்துக்கு முன் தன் அலங்கார எழுத்து நிற்காது என்று அமலுக்குப் புரிகிறது. இவ்வளவையும் ஒரே காட்சியில் வைத்த படத்தைத்தான் சம்பவமில்லாத படம் என்கிறார்கள்.

பெண் எழுத்தாளராவது ராயின் கற்பனை மட்டும் இல்லை. தாகூரின் அக்கா சுவர்ணகுமாரி தேவியின் முதல் நாவல் 1876இல் வந்துவிட்டது. 1884இல் அவர் ‘பாரதி’ பத்திரிகையின் ஆசிரியரானார். தாகூரின் ‘நஷ்டநீட்’ (சிதைந்த கூடு) என்ற நெடுங்கதை 1901இல் வெளியானதும் அதே ‘பாரதி’யில்தான். பெண் எழுதுவதும் அச்சில் வருவதும் அந்தச் சமூகத்தில் வாக்குவாதம் மூண்டிருந்த விஷயம். படத்திலேயே புதுமைப் பெண் யார், பழைய காலத்துப் பெண் யார் என்று சாருவையும் மந்தாகினியையும் வைத்துப் பேச்சு நடக்கிறது. சாருவின் பின்னால் தாகூரின் அண்ணி காதம்பரி தேவி இருக்கிறார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தாகூருக்கு 1883 டிசம்பரில் கல்யாணமாகி, அடுத்த சில மாதங்களில் காதம்பரி தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவைச் சுற்றி வளர்ந்த வம்புப்பேச்சுக்கும் படத்தைக் காதல் கதையாக மட்டும் பார்க்க வைத்ததில் பங்கு உண்டு. ஆனால் காதம்பரியைப் பற்றி உறுதியாகத் தெரிவது, இளம் தாகூரின் எழுத்துக்கு அவர் நெருங்கிய வாசகராகவும் கண்டிப்பான விமர்சகராகவும் இருந்தார் என்பது. அந்த உறவின் மையத்திலும் எழுத்துதான் இருந்தது.

மூலக்கதையோடு சேர்த்துப் பார்த்தால் ராய் எவ்வளவு துரிதப்படுத்தியிருக்கிறார் என்பது தெரியும். தாகூரின் கதையில் அமல் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்துக்குப் போய்விடுகிறான். அதன்பின் சாருவின் வேதனை நீண்ட காலம் நீள்கிறது. பதிலுக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி, நகையை அடகு வைத்து, அவள் ரகசியமாக அவனுக்குத் தந்தி அடிக்கிறாள். அதிலிருந்து பூபதிக்கு எல்லாம் புரிகிறது. அவன் மைசூருக்குப் பத்திரிகை வேலைக்குப் போக முடிவு செய்கிறான். படத்தில் இவை எதுவும் இல்லை. உமாபதா செய்த துரோகத்தால் நொறுங்கிப்போன பூபதி, இனி யாரைத்தான் நம்புவது என்று அமலிடமே கேட்கிறான். அன்றிரவே அமல் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு கடற்கரையில் கணவனும் மனைவியும் புதிதாக ஒரு பத்திரிகை நடத்தலாம் என்று பேசுகிறார்கள்: அரசியலை அவன் பார்த்துக்கொள்ள, இலக்கியப் பகுதியை அவள் பார்த்துக்கொள்ள. வீடு திரும்பியதும் அமலின் ஒரு கடிதம். சாரு உடைந்து அழுவதை பூபதி பார்த்துவிடுகிறான். தாகூர் பல அத்தியாயங்களில் சொன்னதை ராய் சில காட்சிகளுக்குள் முடித்துவிட்டார். இந்த மாற்றங்களுக்காக அசோக் ருத்ரா என்ற விமர்சகர் ‘பரிசய்’ இதழில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். ராய் அதே இதழில் வங்காளத்தில் நீண்ட பதில் எழுதி, கதையில் ஒவ்வொன்றும் ஏன் இடம் மாறியது, ஏன் நீங்கியது என்று காட்சிக்குக் காட்சி விளக்கினார். இந்தப் படத்துக்காக அவர் அவ்வளவு பக்கம் எழுதினார். கதையை எங்கே குறுக்க வேண்டும் என்று அவ்வளவு கணக்குப் போட்ட ஒருவர் மீது காலநேரம் தெரியாதவர் என்ற பழி விழுந்திருப்பது அநியாயம்.

பெர்லின் திரைப்பட விழா 1965இல் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடியை இந்தப் படத்துக்காக ராய்க்குத் தந்தது. நம் நாட்டிலும் அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது சாருலதாவுக்குத்தான். தன் படங்களில் குறை மிகக் குறைவானது இது, திரும்ப எடுத்தாலும் இப்படியே எடுப்பேன் என்று ராய் பல முறை சொல்லியிருக்கிறார். விருதுகள் ஒரு வாதத்தை நிறுவிவிடா. ஆனால் மரியாதை காட்டுவதாக நினைத்துக்கொண்டு, விருதுப் படம், மெதுவாகத்தான் இருக்கும் என்று எச்சரித்துப் பார்வையாளரை உட்காரவைக்கும் பழக்கம் அந்த விருதுகளை ஒட்டித்தான் வளர்ந்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்டவர் சலிப்புக்குத் தயாராகி வந்து, சலிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு போகிறார்.

அடுத்த முறை இந்தப் படத்தைத் திரையிடுகிறவர்கள் பொறுமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். கொழுந்தன் மீது ஆசைப்பட்ட அண்ணி என்று குறிப்பு எழுதவும் வேண்டாம். 1880இல் கல்கத்தாவில் ஒரு பெண் தன் கிராமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி, அது அச்சில் வந்ததால் அவள் வீட்டில் என்னென்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் படம் என்று மட்டும் எழுதிவிட்டு விளக்கை அணைக்கட்டும்.